தன்னைக் காக்கும் கருவிகள்

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் பகுதியாகும். பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாய் வழியே வரும் நீரும் மலைச்சரிவில் பெய்யும் மழைநீரும் இப்பகுதிக் குளங்களை நிரப்புகின்றன. குளத்திற்கு மடையும் உண்டு, மறுகாலும் உண்டு. மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஆள் வேண்டும். வயலுக்கு எப்பொழுது, எவ்வளவு நீர் தேவை என்பதை அறிந்து அவர் முடிவு செய்கிறார். மறுகாலுக்கு ஆள் வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில், ஊர் உறங்கும் நள்ளிரவில், நீர்மட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் மறுகால் தானே பாயத் தொடங்கும்; கரை உடையாமல் தப்பும். அந்த அளவு அன்றிரவு முடிவு செய்யப்பட்டதன்று. குளம் அமைத்தவர்கள் அதனை முன்பே கல்லில் வகுத்து வைத்துச் சென்றனர்.

விண்கலங்களில் உள்ள அறிவியல் கருவிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் முறையும் இத்தகையதே. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்து உயர்ந்து நிற்கும் மகேந்திரகிரியில், நெல்லை மாவட்ட எல்லைக்குள், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் (இஸ்ரோ) உந்துவிசை வளாகம் அமைந்துள்ளது. ராக்கெட்டுகளுக்குரிய திரவ எரிபொருள் எந்திரங்கள் அங்குச் சோதிக்கப்படுகின்றன. இஸ்ரோவின் தலைவராக 2018 முதல் 2022 வரை விளங்கிய கை. சிவனும், 2025-இல் அப்பொறுப்பை ஏற்ற வி. நாராயணனும் குமரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பிறந்தவர்கள் என்பது இம்மாவட்ட மாணவர்கள் அறிந்த செய்தி. சோதனை மேடையில் ஓர் எந்திரம் பழுதுபட்டால் அதனை நிறுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், பழுதுபட்ட உறுப்பை மாற்றலாம். விண்ணில் ஏவப்பட்ட பின் அந்த வாய்ப்பு முற்றிலும் இல்லாமற் போகிறது. கலத்தில் உள்ள கருவியைத் தொட எந்தக் கையும் எட்டாது. குரல் மட்டுமே எட்டும். அதுவும் தாமதமாகவே எட்டும்.

எட்டாத தொலைவு

வானொலி அலை ஒளியின் வேகத்தில் செல்கிறது. நிலவிலிருந்து பூமிக்கு வர அதற்கு ஏறத்தாழ 1.3 நொடி ஆகும். செவ்வாயிலிருந்து வருவதற்கு, இரு கோள்களும் இருக்கும் நிலையைப் பொறுத்து, சில நிமிடங்கள் முதல் இருபது நிமிடங்களுக்கு மேலும் ஆகலாம். செவ்வாயைச் சுற்றும் ஒரு கலத்தில் கருவி ஒன்று அளவுக்கு மீறிச் சூடாகிறது எனக் கொள்வோம். அச்செய்தி பெங்களூருக்கு அருகிலுள்ள பைலாலு நிலையத்தின் 32 மீட்டர் அலைவாங்கியை வந்தடையப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகின்றன. பொறியாளர்கள் அதனைக் கண்ட அந்த நொடியிலேயே கட்டளை அனுப்பினாலும், அது கலத்தைச் சென்றடைய இன்னும் பன்னிரண்டு நிமிடங்கள் வேண்டும். இருபத்து நான்கு நிமிடங்களில் அக்கருவி கருகிப் போயிருக்கும்.

தொலைவு மட்டுமே இடர்ப்பாடன்று. பூமிக்கு அருகில், சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலங்களும் ஒரு தரைநிலையத்தின் பார்வையில் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிட அளவே தென்படும். எஞ்சிய நேரத்தில் கலம் மறுபுறக் கடல்களின் மேலே தனித்துச் செல்கிறது. அவ்வேளையில் நேரும் பழுதை உணர வேண்டியது அக்கலமே. செய்ய வேண்டியதைச் செய்வதும் அக்கலமே.

பழுதை அறிதல்

கருவி ஒவ்வொன்றிலும் வெப்பநிலை, மின்னோட்டம், மின்னழுத்தம் முதலியவற்றை அளக்கும் உணரிகள் பொருத்தப்பட்டிருக்கும். இவ்வளவுகளைக் கலத்தின் கணினி இடைவிடாது படித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அளவிற்கும் மேல் எல்லையும் கீழ் எல்லையும் முன்னரே குறிக்கப்பட்டுள்ளன. அளவு எல்லையைத் தாண்டினால் பழுது என்று கொள்ளலாம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையில்தான் பெரும் சிக்கல் உள்ளது.

விண்வெளியில் விரைந்து பாயும் மின்னூட்டத் துகள் ஒன்று கணினியின் நினைவகத்தைத் தாக்கினால், அங்குச் சுழியமாக இருந்த இலக்கம் ஒன்றாக மாறிவிடக்கூடும். அப்பொழுது 20 டிகிரி என்று இருக்க வேண்டிய வெப்பநிலை 84 டிகிரி என்று படிக்கப்படலாம். கருவிக்கு எதுவும் நேரவில்லை. எண் மட்டுமே மாறியது. ஒரே ஒரு முறை எல்லை தாண்டியதும் கருவியை அணைத்துவிடும் கணினி, நாள்தோறும் காரணமின்றி ஆய்வை நிறுத்திக்கொண்டிருக்கும். ஆதலால் தொடர்ந்து பல முறை படித்தும் அளவு எல்லைக்கு வெளியே இருந்தால் மட்டுமே பழுது என்று முடிவு செய்யுமாறு மென்பொருள் அமைக்கப்படுகிறது. எத்தனை முறை என்பதைக் கருவியின் இயல்பே தீர்மானிக்கிறது. மெல்லச் சூடாகும் கருவிக்குச் சில நிமிடங்கள் காத்திருக்கலாம். உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் கருவிக்கு ஒரு நொடிகூட மிகுதி.

அடுத்து, பழுது எங்கே என்பதைப் பிரித்தறிய வேண்டும். கருவி சூடாகியிருக்கலாம், அதனை அளக்கும் உணரியே கெட்டுப்போயிருக்கவும் கூடும். எனவே முதன்மையான இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட உணரிகள் வைக்கப்படுகின்றன. மூன்றில் இரண்டு ஒத்துக் கூறுவதைக் கணினி ஏற்கிறது. கணினியே செயலற்று நின்றுவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு காவற்கடிகாரம் உண்டு. இயங்கும் மென்பொருள் குறித்த இடைவெளியில் அக்கடிகாரத்தைத் தொடக்கத்திற்குத் திருப்பி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பத் தவறினால், மென்பொருள் எங்கோ சிக்கிக்கொண்டது என்று கொண்டு கடிகாரம் கணினியை மீண்டும் தொடங்கச் செய்யும்.

பழுது உறுதியான பின் நடவடிக்கை படிப்படியாக அமைகிறது. முதலில் கருவியை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். அது பயன் தராவிடில் மாற்றுச் சுற்றுக்கு மாறலாம். கலம் முழுமைக்கும் ஆபத்து எனில் 'பாதுகாப்பு நிலை' நடைமுறைக்கு வரும். இந்நிலையில் கலம் தன் சூரியத் தகடுகளைக் கதிரவனை நோக்கித் திருப்பி மின்சாரத்தை உறுதி செய்கிறது; அலைபரப்பியைப் பூமியை நோக்கித் திருப்புகிறது; இன்றியமையாதன தவிர மற்றவற்றை அணைத்துவிட்டுக் கட்டளைக்குக் காத்திருக்கிறது. முதலில் அணைக்கப்படுபவை அறிவியல் கருவிகளே. எவற்றைச் சுமந்து செல்வதற்காகக் கலம் கட்டப்பட்டதோ, அவையே இடர் வந்தவுடன் முதலில் உறங்கச் செய்யப்படுகின்றன. இது முரணாகத் தோன்றினும் வேறு வழியில்லை. கலம் பிழைத்தால்தான் கருவி மீண்டும் விழிக்கும்.

அஸ்ட்ரோசாட்டின் காவலாளி

அறிவியல் கருவிகளைக் காக்கும் இம்முறைக்கு நம் நாட்டில் நல்ல சான்று அஸ்ட்ரோசாட் ஆகும். விண்மீன்களையும் கருந்துளைகளையும் ஆராய்வதற்காக இந்தியா அனுப்பிய முதல் வானியல் ஆய்வுக்கலம் இது. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இக்கலம், ஏறத்தாழ 650 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. இதிலுள்ள எக்ஸ்-கதிர்க் கருவிகளும் புற ஊதாத் தொலைநோக்கியும் மிக நுண்ணியவை. நெடுந்தொலைவிலிருந்து வரும் ஒற்றை ஒளித்துகளையும் உணர வேண்டியிருப்பதால், அவற்றின் உணர்பகுதிகளுக்கு உயர் மின்னழுத்தம் தரப்படுகிறது. அந்த நுண்மையே அவற்றின் வலுவின்மையும் ஆகும்.

தென் அட்லாண்டிக் கடலுக்கும் பிரேசில் நாட்டிற்கும் மேலே பூமியின் காந்தப்புலம் வலுவிழந்து காணப்படுகிறது. பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சுப் பட்டை அங்குத் தாழ இறங்குவதால், மின்னூட்டத் துகள்கள் அப்பகுதியில் செறிந்துள்ளன. அஸ்ட்ரோசாட் பெரும்பாலான சுற்றுகளில் அப்பகுதியின் ஓரத்தைக் கடந்து செல்ல நேர்கிறது. உயர் மின்னழுத்தத்தில் இருக்கும் உணர்பகுதியில் அத்துகள்கள் மழைபோல் பாய்ந்தால் அது நிலையாகப் பழுதுபடும்.

இதனைத் தடுக்க, மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த மின்னூட்டத் துகள் கண்காணி ஒன்று கலத்தில் வைக்கப்பட்டது. விண்மீன்களை நோக்குவது இதன் வேலையன்று. தன்னைத் தாக்கும் துகள்களை எண்ணிக்கொண்டிருப்பதே இதன் பணி. எண்ணிக்கை குறித்த அளவைத் தாண்டியதும் பிற கருவிகளுக்கு எச்சரிக்கை செல்கிறது. அவற்றின் உயர் மின்னழுத்தம் குறைக்கப்படுகிறது அல்லது நிறுத்தப்படுகிறது. எண்ணிக்கை தணிந்தபின் ஆய்வு தொடர்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஒரு நாளைக்குப் பதினான்கு, பதினைந்து சுற்றுகள். இதனை ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து மனிதர் செய்வது இயலாது.

அப்பகுதி எங்கே உள்ளது என்பது தெரிந்ததுதானே; நேரத்தைக் கணித்து முன்கூட்டியே அணைத்துவிடலாமே என்னும் ஐயம் எழலாம். அவ்வாறு செய்யவும் இயலும். ஆனால், அப்பகுதியின் எல்லை கோடு கிழித்தாற்போல் நிலையானதன்று. கதிரவனின் செயல்பாட்டைப் பொறுத்து அது விரிகிறது, சுருங்குகிறது. அட்டவணை நேற்றைய நிலையை அறியும். கண்காணி இந்த நொடியின் நிலையை அறியும்.

அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கிக்குத் தனியே ஒரு காப்பும் உண்டு. அதன் பார்வையில் மிகு ஒளியுள்ள விண்மீன் ஒன்று வந்துவிட்டால் உணர்பகுதி சேதமடையும். எந்தத் திசையை நோக்க வேண்டும் என்று திட்டமிடும்போதே வானியலாளர்கள் அவ்விடத்தில் ஒளிமிக்க விண்மீன் உள்ளதா என்று பட்டியல்களைச் சரிபார்க்கின்றனர். அதையும் மீறி ஒளி மிகுந்தால், கருவியே தன் உயர் மின்னழுத்தத்தை நிறுத்திக்கொள்ளும். திட்டமிடுவோரின் கவனம் முதற்காப்பு. கருவியின் எச்சரிக்கை இறுதிக்காப்பு.

எல்லையை எங்கே வைப்பது?

மறுகாலின் உயரம் தாழ்ந்திருந்தால், பயிருக்கு வேண்டிய நீர் வீணே வெளியேறிவிடும். உயர்ந்திருந்தால் மழைநாளில் கரை உடையும். கருவிகளுக்கு எல்லை வகுப்போரும் இதே இக்கட்டில்தான் இருக்கின்றனர். எல்லையை மிக நெருக்கமாக வைத்தால் சிறு அசைவுக்கும் கருவி அணைந்துவிடும். தளர்த்தி வைத்தால் உண்மையான பழுது காலம் கடந்தே தெரியவரும். முதல் தவறால் ஆய்வு நேரம் இழக்கப்படுகிறது. இரண்டாம் தவறால் கருவியே இழக்கப்படுகிறது. பொதுவாகப் பொறியாளர்கள் முதல் தவற்றையே ஏற்கத் துணிகின்றனர். ஆயினும், திரும்பக் கிட்டாத ஒரு காட்சியின்போது கருவி உறங்கிவிட்டால் அவ்விழப்பும் சிறியதன்று.

அமெரிக்காவின் நியூ ஹொரைசன்ஸ் கலம் ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணம் செய்து புளூட்டோவை நெருங்கியது. அதனைக் கடந்து செல்ல இன்னும் பத்து நாள்களே இருந்த 2015 சூலை 4 அன்று, கலத்தின் தொடர்பு திடீரென்று அறுந்தது. முதன்மைக் கணினி படங்களைச் சுருக்கிச் சேமித்துக்கொண்டிருந்த அதே வேளையில், புதிய கட்டளைத் தொகுப்பையும் பெற்றுப் பதிய வேண்டியிருந்தது. பளு தாங்காத நிலையில் கலம் மாற்றுக் கணினிக்கு மாறி, அறிவியல் பணிகளை நிறுத்திப் பாதுகாப்பு நிலைக்குச் சென்றது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் தொடர்பு மீண்டது. கட்டளை போய்ச் சேரவே நாலரை மணி நேரம் ஆகும் அத்தொலைவில், பொறியாளர்கள் இரவு பகலாக உழைத்துச் சூலை 7-இல் ஆய்வை மீண்டும் தொடங்கினர். சூலை 14 அன்று கலம் புளூட்டோவைக் கடந்தது. இடையில் சில நோக்குகள் இழக்கப்பட்டன, புளூட்டோ இழக்கப்படவில்லை.

சந்திரயானின் இரண்டு விழிகள்

பழுதுபட்டதற்கு மாற்றாக இன்னொன்றை வைத்துவிட்டால் கவலையில்லை என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சந்திரயான்-1 காட்டியது. பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை இதன் திட்ட இயக்குநராவார். 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட இக்கலத்தில் பதினோரு அறிவியல் கருவிகள் இருந்தன. ஐந்து இந்தியாவுடையவை, ஆறு வெளிநாட்டினருடையவை.

நிலவை அடைந்த அம்மாத இறுதியிலேயே முதல் சோதனை வந்தது. கதிரவனின் வெப்பமும் நிலவின் தரை எதிரொளித்த வெப்பமும் சேர்ந்து, கலத்தின் வெப்பநிலையை 50 டிகிரி செல்சியசு அளவிற்கு உயர்த்தின. பொறியாளர்கள் கலத்தை 20 டிகிரி திருப்பினர். எல்லாக் கருவிகளையும் ஒருங்கே இயக்காமல் முறை வைத்து இயக்கினர். வெப்பம் தணிந்தது.

அடுத்து நேர்ந்தது கடுமையானது. கலம் தான் எத்திசையை நோக்கி நிற்கிறது என்பதை அறிய விண்மீன்களைப் பார்க்கும் உணரிகள் தேவை. அவை கலத்தின் விழிகள் போன்றவை. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்று இரண்டு வைக்கப்பட்டிருந்தன. 2009 ஏப்ரலில் ஒன்று செயலிழந்தது. அடுத்த மாதமே மற்றொன்றும் செயலிழந்தது. இரண்டும் ஒரே வகையின; ஒரே சூழலைத் தாங்கி நின்றவை. ஒன்றை வீழ்த்திய சூழல் மற்றொன்றை விட்டுவைக்கவில்லை. பின்னர்க் கலத்தின் ஜைரோஸ்கோப்புகளைக் கொண்டு திசையறிந்து, சுற்றுப்பாதையை 100 கி.மீ. உயரத்திலிருந்து 200 கி.மீ. உயரத்திற்கு மாற்றிப் பணியைத் தொடர்ந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட கலம் 312 நாள்கள் இயங்கியது. 2009 ஆகஸ்டு 29 அன்று தொடர்பு அறுந்தது.

கலம் ஓய்ந்த அடுத்த மாதத்தில்தான், அதிலிருந்த அமெரிக்கக் கருவி ஒன்று நிலவின் பரப்பில் நீர் மூலக்கூறுகளின் அடையாளத்தைக் கண்டறிந்த செய்தி வெளியாயிற்று. விழிகளை இழந்தபின்னும் கலத்தை விடாது இயக்கிய அந்த மூன்று மாதங்களின் மதிப்பை இதனால் உணரலாம்.

மங்கள்யான் கற்ற பாடம்

செவ்வாய்க்கு 2013 நவம்பர் 5 அன்று ஏவப்பட்ட மங்கள்யானில், தன்னைத் தானே காக்கும் முறைக்குத் தனி இடம் தரப்பட்டது. கலத்தில் ஐந்து அறிவியல் கருவிகள் இருந்தன. பூமியைச் சுற்றி வந்தபோதே அதன் காப்பு முறைகள் ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்டன. நவம்பர் 11 அன்று, முதன்மை எந்திரத்திற்கு எரிபொருள் செல்லும் வால்வின் இரண்டு மின்சுருள்களையும் ஒருங்கே இயக்கிப் பார்த்தனர். எரிபொருள் வரத்து நின்றுவிட்டது. எந்திரம் ஓய்ந்ததைக் கலம் உடனே உணர்ந்து, சிறிய உந்து எந்திரங்களை இயக்கிப் பணியைத் தொடர்ந்தது. அன்று நொடிக்கு 130 மீட்டர் வேகம் கூட்டத் திட்டமிட்டிருந்தனர். கூடியது 35 மீட்டர் மட்டுமே. மறுநாள் அதிகாலையில் துணை முயற்சியால் குறை ஈடு செய்யப்பட்டது.

இதனைப் பின்னடைவு என்று கருதுவது எளிது. உண்மையில் அன்று இரண்டு செய்திகள் தெரிந்தன. இரு சுருள்களையும் ஒருங்கே இயக்கலாகாது என்பது ஒன்று. எந்திரம் நின்றால் கலம் தானே மாற்று வழியை நாடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் செவ்வாயின் அருகில் முதன்முறையாக அறிய நேர்ந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும். 2014 செப்டம்பர் 24 காலையில் கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது, பத்து நாள்களுக்கு முன்பே ஏற்றி வைக்கப்பட்டிருந்த கட்டளைகளின்படி அது தானே திரும்பி, தானே எந்திரத்தை இயக்கி, தானே நிறுத்தியது.

2015 சூன் மாதம் பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே கதிரவன் வந்தபோது தொடர்பு மங்கியது. சூன் 10 முதல் 18 வரை எந்தச் செய்தியும் வரவில்லை. அக்காலம் முழுவதும் தரையிலிருந்து ஒரு கட்டளையும் இன்றிக் கலம் தன்னைத் தானே பேணிக்கொண்டு மீண்டது.

எனினும் கலத்தின் கணினியால் தவிர்க்க இயலாத இடரும் இருந்தது. கலம் செவ்வாயின் நிழலில் நுழையும்போது மின்கலமே துணை. அது தாங்கும் நேரம் 1 மணி 40 நிமிடம். 2017-இல் எட்டு மணி நேரம்வரை நீளும் நிழல் வரவிருப்பதைப் பொறியாளர்கள் கணித்தனர். கலத்தில் உள்ள காப்பு முறை இப்பொழுது நிகழ்வதை உணரும். வரவிருப்பதைக் கணிப்பது தரையில் இருப்போரின் வேலை. 2017 சனவரி 17 அன்று எட்டுச் சிறிய எந்திரங்களையும் 431 நொடிகள் இயக்கிக் கலத்தின் பாதையை மாற்றி, அந்நிழலை முற்றிலும் தவிர்த்தனர். அதற்கு 20 கிலோகிராம் எரிபொருள் செலவாயிற்று; எஞ்சியது 13 கிலோகிராம்.

2022 ஏப்ரலில் நீண்ட நிழல் மீண்டும் வந்தது. பாதையை மாற்றுவதற்கு இம்முறை எரிபொருள் இல்லை. மின்சாரம் இல்லாத நிலையில் எல்லைகளைச் சரிபார்க்கும் கணினியும் காவற்கடிகாரமும் இயங்கவில்லை. தொடர்பு திரும்பவில்லை. அக்டோபரில் இஸ்ரோ அக்கலத்தின் பணி முடிந்ததாக அறிவித்தது. ஆறு மாதப் பணிக்கென அனுப்பப்பட்ட மங்கள்யான், அதற்குள் செவ்வாயைச் சுற்றி ஏறத்தாழ எட்டு ஆண்டுகளைக் கழித்திருந்தது.